டண்டீ தொகுதி: சர்ச்சிலைத் தோற்கடித்த சணல் நகரம்

ஹௌராவிலிருந்து பாண்டல் பக்கம் லோக்கல் ரயிலில் போனவர்களுக்கு ரிஷ்ரா ஸ்டேஷன் தெரிந்திருக்கும். 1855-இல் ஹூக்ளிக் கரையின் முதல் சணல் நூற்பாலை அங்கேதான் எழுந்தது. அதற்கு வேண்டிய இயந்திரங்கள் ஸ்காட்லாந்தின் டண்டீ என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்தன. பிற்பாடு ஆலைகள் பெருகப் பெருக, மேற்பார்வையாளர்களும் மானேஜர்களும்கூட அந்த ஊரிலிருந்தே வந்தார்கள். கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாகக் கோணிச் சாக்கில் அரிசி வாங்கிப் பழகிய நமக்கு, டண்டீ என்ற பெயர் மட்டும் என்னவோ அவ்வளவாகப் பழக்கமில்லை.

சங்கத்தில் ஒரு நாள் பேச்சுவாக்கில் ஓர் அன்பர், "சர்ச்சிலை ஏதோ ஒரு மதுவிலக்குப் பைத்தியம் தோற்கடித்ததாமே, நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான். 1922-இல், இதே டண்டீ தொகுதியில் நடந்தது. ஆனால் இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு தமாஷாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். குடிப்பதில் பேர்போன தலைவர், குடியை ஒழிக்க வந்தவரிடம் தோற்றார் என்று ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். வாக்கு எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதலில் தொகுதியின் பூர்வோத்தரம். 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை டண்டீக்குத் தனி உறுப்பினர் கிடையாது. பெர்த் முதலான நகரங்களோடு சேர்த்து எல்லாவற்றுக்குமாக ஒருவர்தான். சட்டம் வந்ததும் தனித் தொகுதி ஆயிற்று. முதல் உறுப்பினர் ஜார்ஜ் கின்லாக். இவர் நிலக்கிழார்தான், ஆனால் தீவிரவாதி. மான்செஸ்டர் பீட்டர்லூ மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் மீது குதிரைப்படையை ஏவியதைக் கண்டித்து 1819-இல் டண்டீயில் பேசினார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டினார்கள். பிரான்சுக்குத் தப்பிப் போனார். பிறகு மன்னிப்புப் பெற்றுத் திரும்பினார். அப்பேர்ப்பட்டவரைத்தான் ஊர் முதன்முதலில் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. பாவம், 1833 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் எழுபது வருஷத்துக்கு மேல் லிபரல்களின் ராஜ்யம்தான். அதில் சொல்ல அதிகமில்லை.

1868-இல் நடந்த ஒரு மாற்றம் மட்டும் முக்கியம். ஊர் பெருத்துவிட்டது என்று டண்டீக்கு இரண்டாவது இடம் கொடுத்தார்கள். தொகுதியைப் பிரிக்கவில்லை. ஒரே தொகுதி, இரண்டு உறுப்பினர், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போட முடியாது. வேண்டுமானால் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வீணாக்கலாம். அதிக வாக்கு வாங்கிய முதல் இருவர் உறுப்பினர்கள்.

இது நமக்குப் புதுசு இல்லை. 1951-52, 1957 பொதுத் தேர்தல்களில் நம் நாட்டிலும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. 1957-இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் வி.வி.கிரி தோற்றாரே, அது இந்த முறையில்தான். ஒதுக்கீட்டு இடத்துக்குரிய பழங்குடி வேட்பாளர் ஒருவர் வென்றது போக, இன்னொரு பழங்குடி வேட்பாளர் கிரியைவிடச் சொற்ப வாக்கு கூடுதலாக வாங்கிப் பொது இடத்தையும் பிடித்துவிட்டார். கிரி சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1959-இல் தீர்ப்பு எதிராகவே வந்தது. 1961-இல் இரட்டைத் தொகுதிகளையே எடுத்துவிட்டார்கள். இரண்டு ஓட்டு முறையில் முதல் ஓட்டு யாருக்கு என்பது ஊருக்கே தெரியும். இரண்டாவது ஓட்டு எங்கே போகிறது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம்.

சரி, டண்டீக்கு வருவோம். சணல், ஜாம், பத்திரிகை, இந்த மூன்றும்தான் அந்த ஊரின் பிழைப்பு என்பார்கள். திமிங்கிலம் பிடிக்கப் போன கப்பல்கள் கொண்டுவந்த எண்ணெயில் ஊறவைத்து மிருதுவாக்கினால் வங்காளச் சணலை மெஷினில் நூற்கலாம் என்று கண்டுபிடித்த ஊர் அது. ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். பெண்ணுக்குக் கூலி குறைவு என்பதால் முதலாளிகள் அவர்களைத்தான் எடுத்தார்கள். பையன்களையும் வளர்ந்து ஆண் கூலி கேட்கும் வயசு வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மனைவி ஆலைக்குப் போக, புருஷன் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்ட ஆண்களுக்குக் "கெட்டில் கொதிக்க வைப்பவர்கள்" என்று ஊரில் ஒரு கேலிப் பெயரே இருந்தது. குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட்டவள் பெண். ஆனால் 1918 வரை பார்லிமெண்ட் தேர்தலில் அவளுக்கு ஓட்டு கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1906 தேர்தலில் ஓர் இடத்தை லிபரல் கட்சியும், இன்னோர் இடத்தைக் கப்பல் தச்சர் சங்கத் தலைவர் அலெக்சாண்டர் வில்கியும் பிடித்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து போன முதல் இரண்டு தொழிற்கட்சி உறுப்பினர்களில் வில்கி ஒருவர். இரண்டு வருஷம் கழித்து லிபரல் உறுப்பினருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்து மேல்சபைக்குப் போகவே, இடம் காலியாயிற்று. அதே சமயம் மான்செஸ்டரில் ஒருவர் தோற்றுப்போய்த் தொகுதி தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஒரு உறுப்பினர் காபினெட் மந்திரியானால் மறுபடி தொகுதிக்குப் போய் ஜெயித்து வர வேண்டும். முப்பத்துமூன்று வயசில் வர்த்தக மந்திரியான வின்ஸ்டன் சர்ச்சில், ஏப்ரல் 1908-இல் அப்படிப் போய்த்தான் மான்செஸ்டரில் தோற்றார். இரண்டே வாரத்தில் டண்டீயில் நின்றார்.

மே 9-ஆம் தேதி எண்ணிக்கை இது: சர்ச்சில் 7,079, யூனியனிஸ்ட் வேட்பாளர் பாக்ஸ்டர் 4,370, தொழிற்கட்சியின் ஸ்டூவர்ட் 4,014, கடைசியாக எட்வின் ஸ்க்ரிம்ஜர் 655. பிரசாரத்தின்போது மேரி மலோனி என்ற பெண்ணுரிமைக்காரி, சர்ச்சில் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெரிய மணியை ஆட்டி அவரைப் பேசவிடாமல் செய்தாள். சர்ச்சில் அதையெல்லாம் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. செலவும் இல்லை, சிரமமும் இல்லை, ஆயுசுக்கும் இந்தத் தொகுதி போதும் என்றுதான் நினைத்தார். ஊர் மேல் பிரியம் இருந்ததா என்பது வேறு விஷயம். அடுத்த வருஷம் டண்டீ ஓட்டலில் தங்கியவர், காலை உணவு மீனைப் பாதி தின்றபின் அதிலிருந்து புழு நெளிந்து வந்த கதையை மனைவிக்கு எழுதியிருக்கிறார்!

655 வாக்கு வாங்கிய அந்த ஸ்க்ரிம்ஜர் யார்? 1866-இல் டண்டீயிலேயே பிறந்தவர். 1901-இல் ஸ்காட்லாந்து மதுவிலக்குக் கட்சியைத் தொடங்கினார். மதுவிலக்கு என்றதும் நமக்கு 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கியது ஞாபகம் வரும். இவரோ அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னாலேயே இதே வேலையாக இருந்தவர். ஆனால் வெறும் மதுவிலக்குக்காரர் என்று நினைத்தால் தப்பு. கிறிஸ்தவ பக்தி, சமதர்மம் இரண்டும் கலந்த மனிதர். 1905 முதல் நகரசபையில் இருந்துகொண்டு ஏழைகள் பிரச்சினைக்காக ஓயாமல் சண்டை போட்டவர். சர்ச்சில் டண்டீயில் நின்ற தேர்தல் ஒவ்வொன்றிலும் இவரும் நின்றார். ஒன்றைக்கூட விடவில்லை.

1910-இல் இரண்டு பொதுத் தேர்தல் வந்தது. ஜனவரியில் சர்ச்சில் 10,747, வில்கி 10,365. டிசம்பரில் சர்ச்சில் 9,240, வில்கி 8,957. இரண்டு தடவையும் இருவருக்கும் வித்தியாசம் நானூறைத் தொடவில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? பெரும்பாலும் அதே ஆட்கள்தான் ஓர் ஓட்டை லிபரலுக்கும் மற்றதைத் தொழிற்கட்சிக்கும் போட்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிகளும் ஆளுக்கு ஒரே வேட்பாளரை நிறுத்தி, இரண்டாவது ஓட்டை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டன. ஆக, சர்ச்சிலின் ஆயுசுத் தொகுதி பாதிக்குப் பாதி தொழிலாளிகளின் இரண்டாவது ஓட்டில் நின்ற வீடு. அவர் அதை உணர்ந்தாரோ இல்லையோ.

ஸ்க்ரிம்ஜருக்கு அந்த இரண்டு தேர்தலிலும் முறையே 1,512, 1,825. 1917 ஜூலையில் சர்ச்சில் மறுபடி மந்திரியாகி, பழைய வழக்கப்படி இடைத்தேர்தலுக்கு வந்தபோது நேருக்கு நேர் போட்டி: சர்ச்சில் 7,302, ஸ்க்ரிம்ஜர் 2,036. ஊர் சிரித்திருக்கும். மனிதர் அசரவில்லை.

1918-இல் சட்டம் மாறியது. 21 வயசான எல்லா ஆண்களுக்கும், சொத்து அல்லது வீட்டுத் தகுதியுள்ள 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் ஓட்டு வந்தது. அந்த டிசம்பரிலேயே பொதுத் தேர்தல். போரில் ஜெயித்த உற்சாகம். பழைய ஜோடியும் இன்னும் பிரியவில்லை. சர்ச்சில் 25,788, வில்கி 24,822. ஆனால் மூன்றாவது இடத்தைப் பாருங்கள்: ஸ்க்ரிம்ஜர், 10,423.

அடுத்த நான்கு வருஷத்தில் டண்டீ பட்ட பாடு கொஞ்சமல்ல. போர்க்காலத்தில் மணல் மூட்டைக்காக இரவு பகலாக ஓடிய தறிகள், அமைதி வந்ததும் நின்றன. வேலையில்லாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள். போட்டிக்கு ஹூக்ளி ஆலைகள் வேறு. சர்ச்சிலோ ரஷ்யாவில் போல்ஷ்விக்குகளை ஒழிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் அரசாங்கம் இறக்கிவிட்ட பிளாக் அண்ட் டான் படை செய்த அட்டூழியங்களிலும் அவர் பெயர் அடிபட்டது. டண்டீயின் லாக்கி பகுதி முழுக்கப் பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்கள். அவர்கள் ஓட்டும் போயாச்சு.

1922 நவம்பர் 15 தேர்தல் நாள். அக்டோபரில் சர்ச்சிலுக்குக் குடல்வால் ஆபரேஷன். அவருக்குப் பதிலாகக் கைக்குழந்தையோடு மனைவி கிளெமண்டைன் பிரசாரம் செய்தார். தேர்தலுக்குச் சில நாள் முன்னால்தான் சர்ச்சிலால் வர முடிந்தது. நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ட்ரில் ஹால் கூட்டத்தில் போட்ட கூச்சலில் பேச்சை முடிக்கக்கூட விடவில்லை. ஊரின் இரண்டு பெரிய பத்திரிகைகளும், ஒன்று லிபரல், ஒன்று யூனியனிஸ்ட் என்று பெயர் இருந்தாலும், ஒரே முதலாளியின் கையில் இருந்தன. இரண்டும் சேர்ந்து அவரைத் தாக்கின. இது எல்லாவற்றையும்விட முக்கியம், வில்கி ஓய்வு பெற்றுவிட்டார். தொழிற்கட்சியின் சார்பில் ஈ.டி.மொரெல் வந்தார். காங்கோ நாட்டில் ரப்பருக்காகப் பெல்ஜிய ராஜா நடத்திய கொடுமையை உலகுக்கு அம்பலப்படுத்தியவர். போரை எதிர்த்ததால் 1917-இல் ஜெயிலுக்குப் போனவர். அவருடைய ஆதரவாளர்கள் போர் மந்திரியாக இருந்த ஒருவருக்கு இரண்டாவது ஓட்டைப் போடுவார்களா?

எண்ணி முடித்தபோது ஸ்க்ரிம்ஜர் 32,578. மொரெல் 30,292. சர்ச்சிலோடு ஜோடியாக நின்ற மக்டொனால்ட் 22,244. சர்ச்சில் 20,466. இன்னொரு பிரிவு லிபரலான பில்கிங்டன் 6,681. கம்யூனிஸ்ட் கல்லாகர் 5,906.

லிபரல்கள் பிளவுபட்டதால் தோற்றார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பில்கிங்டனுக்கு விழுந்ததை முழுசாகச் சர்ச்சிலோடு கூட்டினாலும் 27,147 தான், மொரெலுக்கு எட்டவில்லை. இன்னொன்று, அவர் தன் ஜோடி வேட்பாளரைவிடவே 1,778 குறைவு. அதாவது மக்டொனால்டுக்கு ஓட்டுப் போட்டவர்களில் குறைந்தபட்சம் அத்தனை பேர், அதே சீட்டில் சர்ச்சில் பெயரைப் பார்த்தும் குறி போடாமல் விட்டிருக்கிறார்கள். குடல்வால் மேல் பழி போட முடியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 1910 டிசம்பரில் விழுந்த மொத்த ஓட்டு 30,621. தலைக்கு இரண்டு என்றால் குறைந்தது 15,311 பேர் வந்திருக்க வேண்டும். 1922-இல் மொத்தம் 1,18,167. குறைந்தது 59,084 பேர். பன்னிரண்டு வருஷத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. சர்ச்சிலை 1908-இல் தேர்ந்தெடுத்த டண்டீயும் 1922-இல் தள்ளிய டண்டீயும் பெயரளவில்தான் ஒன்று. முன்னே அந்த ஊரில் ஓட்டு இல்லாமல் இருந்தவர்கள் இப்போது வந்துவிட்டார்கள். ரகசிய வாக்கெடுப்பில் யார் யாருக்குப் போட்டார் என்று அறுதியிட முடியாது என்றாலும், ஆலைப் பெண்களின் ஓட்டு ஸ்க்ரிம்ஜர் பக்கம் கணிசமாகப் போயிருக்கும் என்பது பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. வாரக் கூலி சனிக்கிழமை சாராயக் கடைக்குப் போவதைப் பார்த்த மனைவிக்கு மதுவிலக்கு பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்காது. ஆறாவது முயற்சியில், 655-லிருந்து 32,578-க்கு வந்து நின்றார் மனிதர்.

பதவி, தொகுதி, கட்சி, குடல்வால் நான்கையும் ஒரே சமயத்தில் இழந்தேன் என்று சர்ச்சில் பின்னால் வேடிக்கையாக எழுதினார். டண்டீயில் மறுபடி நிற்கவே இல்லை. 1924-இல் எப்பிங் தொகுதியில் ஜெயித்து, பழையபடி கன்சர்வேடிவ் பக்கம் போனார்.

ஸ்க்ரிம்ஜரின் பார்லிமெண்ட் வாழ்க்கை அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. 1923-இல் நாடு முழுக்க மதுவை ஒழிக்கும் மசோதா கொண்டுவந்தார். ஆதரித்தவர்கள் பதினாலு பேர்தான். மதுவிலக்குக் கட்சியின் பெயரில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் உட்கார்ந்தவர் அவர் ஒருவரே. 1931 வரை இருந்தார். தோற்றபின் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் ஊழியம் செய்து 1947-இல் காலமானார்.

நமக்கு நெருக்கமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. மொரெல் 1924 அக்டோபரில் மறுபடி ஜெயித்து இரண்டு வாரத்தில் இறந்துபோனார். டிசம்பர் இடைத்தேர்தலில் தொழிற்கட்சியின் தாமஸ் ஜான்ஸ்டன் வந்தார். தொகுதியில் எங்கே போனாலும் ஒரே புலம்பல்: கல்கத்தாச் சரக்கு நம் வயிற்றில் அடிக்கிறது. ஜான்ஸ்டன் என்ன செய்தார் தெரியுமா? 1925-இல் டண்டீ சணல் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஜான் சைமையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்கே கிளம்பி வந்துவிட்டார். ஆலை ஆலையாகப் பார்த்துவிட்டுப் போய் 1926-இல் ஓர் அறிக்கை போட்டார்கள். அதில் எதிரியாகக் காட்டியது கல்கத்தாத் தொழிலாளியை அல்ல. மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகளுக்குச் சராசரி வருஷக் கூலி 12 பவுண்டு 10 ஷில்லிங். ஆலைப் பங்குதாரர்களின் லாபமோ பத்து வருஷமாக, போட்ட முதலுக்கு வருஷத்துக்கு 90 சதவீதம் என்று கணக்கு எழுதினார்கள். அந்த ஆலைகளில் கணிசமான ஸ்காட்லாந்துப் பணமும் இருந்தது. டண்டீக்காரன் போட்ட மூலதனம் கல்கத்தாவில் கூலியை அமுக்கி, திரும்பி வந்து டண்டீக்காரியின் வேலையைப் பறித்தது! ஹூக்ளிக் கரை ஆலைகளில் அன்று மதராஸ் மாகாணத்துக் கூலிகளும் ஏராளம். பெரும்பாலோர் கஞ்சம், விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர்கள். வங்காளிகளுக்கு அவர்களும் மதராஸி, நாமும் மதராஸி. ஒரு தொகுதியின் உறுப்பினர் கடல் கடந்து வந்து, தன் வாக்காளரின் போட்டியாளனுக்கு என்ன கூலி என்று விசாரித்துவிட்டுப் போனது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

1931-இல் காற்று மாறி, லிபரல் டிங்கிள் ஃபுட்டும் யூனியனிஸ்ட் ஃப்ளாரன்ஸ் ஹார்ஸ்புரோவும் வந்தார்கள். ஹார்ஸ்புரோ பிற்காலத்தில் கன்சர்வேடிவ் கட்சியின் முதல் பெண் காபினெட் மந்திரி. கல்கத்தாச் சரக்குக்கு வரி போடச் சொல்லி டண்டீ அந்தக் காலம் முழுக்க மன்றாடியது. சாம்ராஜ்யத்துக்குள் சலுகை என்ற கொள்கைக்கு முன்னால் ஒன்றும் நடக்கவில்லை. 1945-இல் இரண்டு இடமும் தொழிற்கட்சிக்குப் போனது: தாமஸ் குக், ஜான் ஸ்ட்ரேச்சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டை உறுப்பினர் முறையை முடித்துவைக்க, 1950-இல் தொகுதி டண்டீ கிழக்கு, டண்டீ மேற்கு என்று இரண்டாயிற்று. 2024 தேர்தலோடு அந்தப் பெயர்களும் போய்விட்டன. டண்டீயில் சணல் நூற்பது 1999-லேயே நின்றுவிட்டது.

ஒரு செய்தி விட்டுப்போச்சு. 1943-இல் சர்ச்சில் பிரதம மந்திரி. உலகமே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்த சமயம். அவருடைய மந்திரிசபையில் ஸ்காட்லாந்து மந்திரி யார் என்றால், நம் கல்கத்தா யாத்திரிகர் ஜான்ஸ்டன். பழைய உறுப்பினருக்கு நகரின் கௌரவக் குடியுரிமை வழங்கலாம் என்று டண்டீ நகரசபையில் தீர்மானம் வந்தது. ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு 16, எதிர்ப்பு 15. சர்ச்சில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.